வாடிக்கையாளர்களுக்காக நாற்பத்திரண்டு இடம்

ஆறு பொத்தான் வாங்க யாரும் காரில் வருவதில்லை. இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். எங்கள் கடையில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் போதும். கைப்பைக்குள்ளிருந்து ஒரு சட்டையை உருவி, "இதே மாதிரி ஒண்ணு வேணும்" என்று நீட்டுகிறவர்கள் பேருந்திலிருந்து இறங்கி வருகிறார்கள், இல்லாவிட்டால் பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வருகிறார்கள். என் அண்ணன் இருபத்தாறு வருஷமாக அதே கடையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து இவர்களுக்குப் பொத்தானும் லேஸும் ஜிப்பும் விற்றவன். அவனைக் கேட்டால், நம் வாடிக்கையாளர்கள் எல்லோரும் கார்க்காரர்கள் என்பான். கண்ணெதிரே நடப்பது கண்ணில் படாமல் இருக்கவும் ஒரு தனித் திறமை வேண்டும்.

அந்தத் திறமை எங்கள் கடைத்தெருவில் யாருக்கும் குறைவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பத்திரண்டு வண்டிகள் நிறுத்த இடம் இருந்தது. "வாடிக்கையாளர்களுக்கு மட்டும்" என்று வணிகர் சங்கம் பலகை வைத்திருந்தது. காலை ஒன்பதரைக்குள் அதில் முப்பது இடத்தைப் பிடித்துவிடுகிறவர்கள் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள். ஒவ்வொருவரும் தன் கடைக்கு நேர் எதிரே நிறுத்துவார்கள். கண்ணாடி வழியாகத் தன் வண்டி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவர்களுக்கு அன்றைக்கு வியாபாரமே ஓடாது. மிச்சம் இருக்கிற பன்னிரண்டு இடத்துக்கு வாடிக்கையாளர்கள் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, அலுத்துப்போய் வேறெங்கோ போவார்கள். உடனே சங்கம் கூடி, இடம் போதவில்லை என்று தீர்மானம் போடும். தலைவர் என் அண்ணன். செயலாளர் செருப்புக்கடைக்காரர். ஜாடிக்கேற்ற மூடி.

என் காலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிறகு இந்தக் கதையில் அதற்கு நிறைய வேலை இருக்கிறது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம், செருப்புக்கடைக்காரர் நடைபாதையில் போட்டிருந்த பெரிய கூடையைச் சுற்றிப் போக வழியில்லாமல் சாலையில் இறங்கினேன். நடைபாதையே இரண்டடி அகலம். கூடை அதில் ஒன்றே முக்கால். சரக்கு ஏற்றி வந்த வேன் என் இடது காலின் மேல் ஏறி இறங்கியது. "இரண்டு ஜோடி வாங்கினால் ஒரு ஜோடி இலவசம்" என்று கூடையில் எழுதியிருந்தது. உள்ளே கம்பி வைத்துக் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், ஒரு அங்குலம் குறைத்து. கைத்தடியோடு நடக்கிறேன். நன்றாகவே நடக்கிறேன், மெதுவாக.

அண்ணன் அந்த வருஷமே கார் வாங்கினான். தங்கைக்காகத்தான் வாங்கியதாகத் தெருவெல்லாம் சொன்னான். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரே காட்சி. கடை வாசலில் வண்டி நிற்கும். அவன் இறங்கிச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறப்பான். கையை நீட்டுவான். "பாத்து, பாத்து" என்று எதிர்க்கடைவரை கேட்கும்படி சொல்லுவான். வாசலில் நிற்கிற செருப்புக்கடைக்காரர், அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று யாரிடமாவது சொல்லுவார். கூடையைப் போட்டவரே சர்டிபிகேட்டும் கொடுப்பார். 'உடையும் பொருள், கவனம்' என்று ஒட்டிய அட்டைப்பெட்டியை இறக்குகிற மாதிரி என்னை இறக்கி உள்ளே வைப்பார்கள். நான் அண்ணனிடம், "சரக்கு வந்து சேந்துடுச்சு, கையெழுத்துப் போடு" என்பேன். அவன் சிரிப்பான். அவனுக்குச் சிரிப்புத்தான் வரும்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பேருந்திலிருந்து நானே இறங்கி, முந்நூறு அடி நானே நடந்து, யார் கையையும் பிடிக்காமல் என் கடைக்குள் நானே நுழைய வேண்டும். அந்த முந்நூறு அடியில் கூடைகளும், ஜெனரேட்டரும், படுக்கப்போட்ட விளம்பரப் பலகைகளும், மூடி காணாமல் போன சாக்கடைக் குழி ஒன்றும் இருந்தன. இரண்டு நல்ல கால் உள்ளவர்களே அங்கே நடனமாடிக்கொண்டுதான் போக வேண்டும்.

அப்போதுதான் மாநகராட்சியின் திட்டம் வந்தது. கடைத்தெருவைத் திருத்தி அமைக்கப்போகிறார்களாம். நடைபாதை பன்னிரண்டடி. இரண்டு பக்கமும் மரங்கள். நடுவில் பேருந்தும் சைக்கிளும் போக வழி. நாற்பத்திரண்டு இடமும் போய்விடும். கார்களுக்குப் பின் தெருவில் ஒரு மைதானம். பெரிய வண்ணப்படம் ஒன்றைப் பேருந்து நிறுத்தத்தில் மாட்டினார்கள். அதை வரைந்தவர்கள் கடைத்தெரு என்ற ஒன்றைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. நட்ட மறுநாளே மரத்துக்கு முப்பது வயசு. ஒல்லியாக ஐம்பது பேர் சிரித்துக்கொண்டே நடக்கிறார்கள், ஒருவர் கையிலும் பை இல்லை. ஒரு பெண்ணின் கையில் பலூன் மட்டும் இருந்தது. இருந்தாலும் அந்தப் பன்னிரண்டடியை நான் தினமும் காரின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திட்டம் தேறினால் அண்ணனின் வண்டி கடை வாசலுக்கு வர முடியாது. நான் நடந்துதான் வர வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

சங்கத்தில் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. கார் வராவிட்டால் கடைத்தெரு சுடுகாடாகிவிடும் என்றார்கள். மரத்தின் இலை விழுந்து கடையின் பெயர்ப்பலகை மறையும், மரத்தில் பறவை உட்காரும், உட்கார்ந்த பறவை சும்மா இருக்காது என்று கண்ணாடிக்கடைக்காரர் அரை மணி நேரம் பேசினார். மாநகராட்சி கூட்டிய முதல் கூட்டத்துக்கு அண்ணன் என்னை அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தான். எதற்கு என்று மேடையில் அவன் பேசும்போதுதான் தெரிந்தது. "என் தங்கச்சியைப் பாருங்க. கார் வரக்கூடாதுன்னா இவங்க மாதிரி இருக்கிறவங்க எப்படிக் கடைக்கு வருவாங்க?" என்றான். எழுந்து நிற்கச் சொன்னான். நின்றேன். இருநூறு பேர் என் காலைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். தன் வண்டிக்கு இடம் பிடிக்க என் காலை வாடகைக்கு எடுத்துவிட்டான். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணி கேட்டதற்குப் பசியில்லை என்றேன்.

அதிகாரிகள் வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை. ஒரு புதன்கிழமை முழுவதும் கணக்கெடுப்பு நடத்துவோம், காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை, அதை வைத்துத்தான் முடிவு என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதைப் பற்றிப் பேச அன்று மாலை சங்கத்தின் முக்கியஸ்தர்கள் ஏழு பேர் எங்கள் கடையில் கூடினார்கள். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். நான் என் மேஜையில் உட்கார்ந்து, கலந்துபோன பொத்தான்களை இரண்டு துளை, நான்கு துளை, பின்னால் வளையம் வைத்தது என்று பிரித்துக்கொண்டிருந்தேன். செருப்புக்கடைக்காரருக்கு ஒரே கவலை. புதன்கிழமை மத்தியானம் தெரு மந்தமாக இருக்கும், நாலைந்து இடமாவது காலியாகக் கிடக்கும், அதைப் பார்த்துவிட்டு இடமே தேவையில்லை என்று எழுதிவிடுவார்கள் என்றார். ஒரு மணி நேரம் ஏழு பேரும் தலையைச் சொறிந்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? உங்க வண்டி, மச்சான் வண்டி, மாமியார் வண்டி எல்லாத்தையும் காலைல ஏழரைக்கே கொண்டாந்து நிறுத்திப் பூட்டிடுங்க. ராத்திரி வரைக்கும் யாரும் நகத்தாதீங்க. ஒரு இடம் காலியில்லைன்னு எழுதிட்டுப் போகட்டும்" என்றேன்.

கிண்டலுக்குத்தான் சொன்னேன். குழந்தைக்குக்கூடப் புரியும்படி இழுத்து, முகத்தைக் கோணி, சொன்னேன். ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெட்கப்படுகிறார்கள் என்று ஒரு நொடி நினைத்தேன். செருப்புக்கடைக்காரர் தொடையில் தட்டி, "தங்கச்சி சொல்றது சரிதானே, தலைவரே" என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர்கள் அடுத்தவர் வாயில் வந்ததைப் பிடுங்கித் தங்கள் வாயில் போட்டுக்கொண்டு கெடுகிற ஜாதி.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கணக்கெடுப்பு நாளில் கடைக்காரர்களிடமும் ஒரு படிவம் கொடுப்பார்களாம், இன்று வியாபாரம் எப்படி என்று கேட்டு. செருப்புக்கடைக்காரரின் சொந்த மூளையில் உதித்தது இது: எல்லோரும் 'பிரமாதம்' என்றுதான் எழுத வேண்டும். தெரு நிறையக் கார், கடை நிறைய வியாபாரம். காரால்தான் வியாபாரம் என்று குழந்தைக்கும் விளங்கும் என்றார். கைதட்டினார்கள். அண்ணன் தீர்மானத்தைத் தன் கையாலேயே எழுதினான், எழுத்து அழகாக இருக்கும் அவனுக்கு.

நாலு நாள் கழித்துத் திட்ட அலுவலகத்துப் பெண் ஒருத்தி எங்கள் கடைக்கு வந்தாள். ஒரு மாதமாகத் தெருவை அளந்துகொண்டிருந்தவள். எந்நேரமும் கையில் அளவு டேப் இருப்பதால் சங்கத்தில் அவளுக்கு 'டேப்' என்று பெயர். வேலைக்குப் போடும் மேல்கோட்டில் ஒரு பொத்தான் விழுந்துவிட்டதாம். சாம்பல் நிறம், நான்கு துளை, விளிம்பு கொஞ்சம் உயர்ந்தது. அண்ணன் சாப்பிடப் போயிருந்தான். நான் தேடி எடுத்து, இதைவிடப் பக்கத்தில் எதுவும் கிடைக்காது என்று சொல்லி, நானே தைத்துக் கொடுத்தேன். தைக்கிற நேரத்தில், எப்படி எண்ணுவீர்கள் என்று கேட்டேன். பேச்சுக்குத்தான் கேட்டேன்.

அவள் ஆசையாகச் சொன்னாள். அவள் வேலையைப் பற்றி இந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லையாம். அரை மணிக்கு ஒரு தடவை தெருவைச் சுற்றி வந்து ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் குறிப்பார்கள். ஒரே வண்டி எவ்வளவு நேரம் நிற்கிறது, ஒரு இடத்தை நாளுக்கு எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று அதிலிருந்து தெரியும். கடையை விட்டு வெளியே வருகிறவர்களிடம், எப்படி வந்தீர்கள் என்று கேட்பார்கள். "வண்டி மாறிக்கிட்டே இருந்தாத்தான் அந்த இடத்தால கடைக்கு லாபம். ஒரே வண்டி நாள் பூரா நின்னா, அது இடமில்லை, ஷெட்டு" என்றாள்.

ஊசி என் கையில் அப்படியே நின்றது. அந்த ஏழு பேரும் என்ன செய்யப்போகிறார்கள் என்பது எனக்கு அந்த நிமிஷமே முழுசாகத் தெரிந்துவிட்டது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளப் போகிறது. மண்ணை அள்ளிக் கொடுத்தது நான்.

இன்னும் ஆறு நாள் இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த அண்ணனிடம் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அன்று மாலை காரில் அவன் என்னைத் தூக்கி வைக்காத குறையாக ஏற்றும்போது சொல்லியிருக்கலாம். மறுநாள் காலை "பாத்து, பாத்து" என்றபோது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. பன்னிரண்டடி எனக்கு வேண்டியிருந்தது. முட்டாள்கள் முட்டாள்தனம் செய்வதைத் தடுக்க நான் யார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் சுகமாகத்தான் இருந்தது.

அந்தப் புதன்கிழமையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். காலை ஏழேகாலுக்கே தெருவில் ஊர்வலம். கண்ணாடிக்கடைக்காரர் தன் வண்டியையும் மகளின் வண்டியையும் மாறி மாறி ஓட்டி வந்து நிறுத்தினார். செருப்புக்கடைக்காரரின் மாமியார் வண்டி ஆறு மாதமாக ஓடாமல் கிடந்தது. அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். நாலு பேர் தள்ளி வரிசையில் சேர்த்தார்கள். டயரில் காற்று இல்லை. எட்டு மணிக்கு நாற்பத்திரண்டும் நிறைந்துவிட்டது. ஏழு பேரும் வாசலில் நின்று, பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன்கள் மாதிரி ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள்.

டேப்பும் அவளோடு வந்த எட்டுப் பேரும் அட்டைகளை வைத்துக்கொண்டு சுற்றினார்கள். முதல் சுற்றில் எழுதினார்கள். இரண்டாவது சுற்றில் டிக் போட்டார்கள். பிறகு நாள் முழுக்க டிக்தான். பதினொரு மணிக்கு, வருஷத்துக்கு எட்டு ஜோடி வாங்குகிற பணக்கார அம்மா ஒருத்தர் உண்மையிலேயே காரில் வந்தார். நாலு தடவை சுற்றினார். செருப்புக்கடைக்காரர் வாசலில் நின்று இரண்டு கையையும் பிசைந்தாரே தவிர, தன் வண்டியை நகர்த்தவில்லை, தீர்மானம் தீர்மானம்தான். அந்த அம்மா கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்த பார்வையை நான் காசு கொடுத்துக்கூட வாங்கியிருப்பேன். அப்புறம் போய்விட்டார். எங்கள் கடையில் அன்று நல்ல கூட்டம். எல்லோரும் நடந்து வந்தவர்கள். அண்ணன் படிவத்தில் 'பிரமாதம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து முடிவைச் சொன்னார்கள். அதே மண்டபம், அதே இருநூறு பேர். டேப்தான் படித்தாள், குரலை உயர்த்தவே இல்லை. நாற்பத்திரண்டு இடம், பன்னிரண்டு மணி நேரம்; மொத்தம் வந்து நின்ற வண்டிகள் நாற்பத்து மூன்று. மத்தியானம் வயிற்றுவலி வந்து ஒருவர் கிளம்பிப் போனதால் அந்த ஒன்று கூடியது. தெருவுக்கு அன்று பொருள் வாங்க வந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். அவர்களில் இந்தத் தெருவில் காரை நிறுத்திவிட்டு வந்ததாகச் சொன்னவர்கள், அந்த ஒரு வண்டியில் வந்த இரண்டு பேர். கடைசியாக அவள் படிவங்களை எடுத்தாள். "வாடிக்கையாளர் வண்டிக்கு ஒரு இடத்துக்கு மேல கிடைக்காத அந்த நாள்ல, வியாபாரம் பிரமாதம்னு முப்பத்தெட்டுக் கடைக்காரங்க எழுதிக் கொடுத்திருக்காங்க. நிறுத்த இடமே தேவையில்லைங்கறதுக்கு இதைவிட நல்ல ஆதாரம் எங்களுக்குக் கிடைச்சதில்லை. சங்கத்துக்கு ரொம்ப நன்றி" என்றாள். எந்த வண்டி யாருடையது என்று பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இல்லை என்றும் சொன்னாள். பின்வரிசையில் ஆரம்பித்த சிரிப்பு முன்வரிசை வருவதற்குள் கூரை அதிர்ந்தது.

மறுநாள் சங்கம் எங்கள் கடையிலேயே கூடியது. வெற்றி என்றால் ஏழு பேரும் தகப்பன். தோல்வி என்றால் குழந்தை யாருடையது என்று விசாரணை. இந்தப் பைத்தியக்கார யோசனையை முதலில் சொன்னது யார் என்று கண்ணாடிக்கடைக்காரர் கத்தினார். தொடையில் தட்டி ஆமோதித்த செருப்புக்கடைக்காரர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார்.

"யோசனை என்னோடது" என்றான் அண்ணன். "யாரையும் பாக்க வேண்டாம். தீர்மானம் என் கையெழுத்துல இருக்கு. நான் விலகிக்கறேன்."

அவ்வளவுதான். ஐந்தே நிமிஷத்தில் செருப்புக்கடைக்காரர் தலைவரானார். பதினாலு வருஷம் தலைவராக இருந்தவனுக்கு ஒருவர்கூட நன்றி சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு அண்ணன் ஏழு நாற்காலியையும் தானே மடக்கி வைத்தான்.

காரில் போகும்போது கேட்டேன், எதற்காக அப்படிச் சொன்னாய், நான் சொன்னது கிண்டல் என்று உனக்கு அப்போதாவது தெரியுமா என்று. அவன் சாலையைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்மா. நீ எப்ப கிண்டல் பண்ணாம பேசியிருக்க? பொத்தானை சைஸ்படி அடுக்காதே, நிறத்துப்படி அடுக்கி மியூசியமா வச்சுக்கோன்னு சொன்ன. அடுக்கினேன், ரெண்டு மடங்கு வித்துச்சு. வாசல்ல கண்ணாடி மாட்டு, உன் மூஞ்சியையாவது பாத்துக்கலாம்னு சொன்ன. மாட்டினேன், பொம்பளைங்க லேஸை வச்சுப் பாக்க உள்ள வர ஆரம்பிச்சாங்க. நீ நக்கலா சொல்றதைச் செஞ்சுதான் நான் கடையை ஓட்டறேன். இந்தத் தடவை பலிக்கல" என்றான்.

டேப் வந்ததையும் அந்த ஆறு நாளையும் அப்போது சொல்லியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் நல்லவளாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேலை பதினாலு மாதம் நடந்தது. தூசி, சத்தம், பள்ளம். பள்ளத்தைத் தோண்டியவர்கள் மூடினார்கள், மூடியதைத் தண்ணீர்க்குழாய் ஆட்கள் தோண்டினார்கள், அதையும் மூடிய பிறகு மின்சார ஆட்களுக்கு ஞாபகம் வந்தது. கடைசியில் ஒருவழியாகப் பன்னிரண்டடி வந்தது. மழைக்கு வழுக்காத சொரசொரப்புக் கல். ஏறி இறங்கச் சரிவு. மரங்களைப் பற்றிக் கேட்காதீர்கள். படத்தில் இருந்த முப்பது வயசு மரங்களுக்குப் பதிலாக மூங்கில் குச்சியில் கட்டிவிட்ட விரல் கனச் செடிகள், ஒவ்வொன்றுக்கும் நாலு இலை. கண்ணாடிக்கடைக்காரர் பயந்த பறவை உட்கார வேண்டுமென்றால் இன்னும் எட்டு வருஷம் நின்றுகொண்டே காத்திருக்க வேண்டும்.

திறப்பு நாளன்று நான் பேருந்தில் வந்தேன். அண்ணன் வண்டியைப் பின் தெரு மைதானத்தில் விட்டுவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு முன்னாலேயே போய்விட்டான். நான் இறங்கினேன். நடந்தேன். முந்நூறு அடி. பக்கத்தில் ஒரு பெண் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள், நான் ஒதுங்க வேண்டியிருக்கவில்லை. யாரும் "பாத்து" என்று சொல்லவில்லை. கடை வாசலுக்கு வந்தபோது மூச்சு வாங்கியது, கண்ணும் கொஞ்சம் கலங்கியது. சந்தோஷம்தான், இதில் மழுப்ப ஒன்றுமில்லை.

வாசலுக்கு எதிரே மேடை போட்டிருந்தார்கள். புதுத் தலைவர் மாலையோடு பேசிக்கொண்டிருந்தார். நடைபாதை என்பது தன் இருபது வருஷக் கனவு என்றார். மரம் இல்லாத கடைத்தெரு மனசு இல்லாத மனுஷன் என்றார். நடக்கிறவர்களே நம் தெய்வங்கள் என்றார். அந்த வாயைக் கழற்றிக் கண்காட்சியில் வைக்கலாம். அண்ணன் கூட்டத்தின் ஓரத்தில், ஒரு செடியின் பக்கத்தில் நின்று எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினான். அவனுக்குக் கோபப்படக்கூடத் தெரியாது.

நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். என் காலையும் தடியையும் பார்த்துவிட்டு, கையை நீட்டாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அப்போதுதான் டேப் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். அதே மேல்கோட்டு. அண்ணனுக்கு வணக்கம் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், உங்க தங்கச்சியைப் பத்தி எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்லியிருக்கேன். இந்தத் தெருவுல எங்க வேலையைப் பத்தி அக்கறையாக் கேட்டது இவங்க ஒருத்தங்கதான். கணக்கெடுப்புக்கு ஆறு நாள் முன்னாடியே, வண்டியை எப்படி எண்ணுவோம், நாள் பூரா நின்னா எப்படி எழுதுவோம், எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சிருந்தாங்க" என்றாள். யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள். நல்ல மனசோடு சொன்னாள். அதுதான் பெரிய சிக்கல். நல்ல மனசுக்காரர்களைத் திட்டவும் முடிவதில்லை.

அண்ணன் மேடையிலிருந்து என் பக்கம் திரும்பினான். நான் தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் திருப்பிக் கொடுக்க என்னிடம் பதினொரு வருஷச் சரக்கு இருந்தது.

"முன்னாடியே தெரியுமா உனக்கு?" என்று கேட்டான்.

"தெரியும். எனக்கு இந்த நடைபாதை வேணும்னு இருந்துது. நானே நடந்து வரணும்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். மெதுவாக, ஒரு கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி ஆட்டினான்.

"நடந்து வரணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வண்டியை அன்னைக்கே பின்தெருவுல போட்டிருப்பேனேம்மா. வழியில கெடக்கறதை எல்லாம் எடுக்கச் சொல்லியிருப்பேன். தலைவரா இருந்தேனே, வேற எதுக்கு இருந்தேன்? உனக்கு வலிக்கும்னுதான் தினமும் கையைப் புடிச்சேன். புடிக்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பொய் சொல்கிறான் என்று நினைத்துப் பார்த்தேன். நினைக்க முடியவில்லை. பொய் சொல்ல அவனுக்கு மூளை பத்தாது என்று அவன் முகத்துக்கு நேராகவே எத்தனையோ தடவை சொன்னவள் நான். நக்கலாக ஒரு பதிலைத் தேடினேன்; அதுவும் வரவில்லை. 'நானே நடக்கணும்' என்பது இரண்டே வார்த்தை. இந்தப் பதினொரு வருஷத்தில் அதை அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவனிடம் சொன்னேன். மேடையில் எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணன் தட்டவில்லை, நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.